கதவைப் பிடித்து வைத்துக்கொண்ட செட்டு நைனா

திருத்தணியில் நான் பயப்படுவது இரண்டு பேருக்குத்தான். ஒருவர் மலைமேல் இருக்கிறார். இன்னொருவர் மலைக்குக் கீழே சோளிங்கர் ரோட்டில், பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார். மேலே இருப்பவர் கோபமெல்லாம் தணிந்து வந்து உட்கார்ந்தவர். அதனால்தான் ஊருக்கே தணிகை என்று பெயர். கீழே இருப்பவருக்கு இன்னும் தணியவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால் அடிப்பாரோ என்று யாரும் கேட்டதில்லை. வண்டிகளுக்குப் பாட்டு செட்டு மாட்டுகிறவர், அதனால் செட்டு நைனா. ஆந்திரா எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நாங்கள் அவரை நைனா என்போம், அவர் எங்கள் எல்லோரையும் பாவா என்பார், அதாவது மச்சான். போலீஸ்காரர் வந்தாலும் பாவா, கோயில் குருக்கள் வந்தாலும் பாவா. ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வந்தவரைப் பாவா என்று கூப்பிட்டு, அவர் முறைத்தபோது, "சரி பாவா, கோச்சுக்காத" என்று சமாதானம் சொன்னார்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஏதோ ஒரு பழைய காரின் கதவைச் சுவரில் மாட்டியிருப்பார். அந்தக் கதவுக்குள் ஸ்பீக்கர் உண்டு. அது பாடினால் கடை திறந்திருக்கிறது, பாடாவிட்டால் பூட்டு.

மற்ற கடைகளில் செட்டு மாட்டியதும் சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். நைனா அப்படிச் செய்ய மாட்டார். அவருடைய செல்போனில் அவர் மனைவியின் குரல் பதிவாகி இருக்கும். "சோறு ஆறிப் போவுது. வர்றியா, நாய்க்குப் போடட்டா?" அவ்வளவுதான். அதைத்தான் எல்லா வண்டியிலும் போட்டுப் பார்ப்பார்.

"முப்பது வருசமா கேக்கற குரலு பாவா. இதைக் கேட்டு எனக்கு வவுறு கலங்குச்சுன்னா செட்டு நல்லா கீதுன்னு அர்த்தம். கலங்கலைன்னா ஒயர்ல எங்கியோ கோளாறு."

ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த அம்மாள் தெரு முழுக்கச் சாப்பிடக் கூப்பிடுவார். காலை பத்தரைக்கே எல்லோருக்கும் பசிக்க ஆரம்பித்துவிடுகிறது என்று டீக்கடைக்காரர் சொல்வார், சந்தோஷமாகத்தான். ஒரு மத்தியானம் அந்த அம்மாளே தூக்குச்சட்டியோடு நேரில் வந்து நின்று, "சோறு ஆறிப் போவுது" என்று ஆரம்பித்திருக்கிறார். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்த நைனா, "ஆங், நல்லா கீது, கொஞ்சம் சத்தத்தைக் கொறச்சு வெய்யி" என்றாராம். அதன்பிறகு இரண்டு நாள் அவருக்கு டீக்கடை பன்தான்.

கம்பெனிக்காரன் வண்டியோடு கொடுக்கிற செட்டைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கல்யாணப் பந்தியில எலை போட்டதும் தண்ணி தெளிப்பாங்க பாத்தியா, அதான் கம்பெனி செட்டு. எலையைக் கழுவத்தான் அது, குடிக்கறதுக்கு இல்ல." ஆனால் அதை மாற்றுவதற்கு முன்னால் அரை நாள் அதையே கேட்பார். வண்டிக்குள் நேராக உட்காரவும் மாட்டார். சீட்டில் குறுக்கே உட்காருவார். பிறகு முட்டி போட்டு, பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்காருவார். தெருவில் போகிறவர்கள் பார்த்தால், வண்டிக்குள் ஒரு மனிதர் பின் கண்ணாடியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாரையும் இடது பக்கம் நிற்க விடமாட்டார். "இந்தப் பக்கம் வந்து பேசு பாவா" என்று வலது பக்கத்துக்கு வரவழைப்பார். டீக்கடைக்காரரிடம் காரணம் கேட்டேன். "ஜோசியக்காரன் சொல்லிக்கீறான். எடது பக்கம் ஆள் சேத்தா ஆவாதாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரை படித்தேன். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறேன். தறி நூல், நெல் மூட்டை, வாழைத்தார் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். என் மகனுக்கு ஐந்து வயதில் விஷக்காய்ச்சல் வந்து கண் திறக்காமல் கிடந்தபோது முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். எங்கள் ஊரிலிருந்து ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து நாற்பது ஐம்பது பேர் நடந்து திருத்தணிக்குப் போவார்கள். நான் வண்டி ஓட்டுகிற காலம் வரைக்கும் என் வண்டி அவர்களோடு போகும், முருகன் படத்தையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, அவர்கள் நடக்கிற வேகத்திலேயே போகும் என்று. பையன் பிழைத்தான். இப்போது மீசை வைத்திருக்கிறான். நானும் ஒரு வருஷமும் தவறவில்லை.

பழைய வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கிய பிறகுதான் தொல்லை வந்தது. புது வண்டியில் கம்பெனி செட்டு சரியில்லை. இடது பக்கம், அதாவது நாங்கள் கிளீனர் பக்கம் என்கிற பக்கம், நன்றாகப் பாடியது. டிரைவர் பக்கக் கதவு முனகியது. மாதம் போகப் போக முனகலும் குறைந்தது. கிருத்திகைக்கு ஆறு நாள் இருக்கும்போது வண்டியை நைனாவிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"நைனா, டிரைவர் பக்கம் சத்தமே இல்லீங்க. ரெண்டையும் மாத்தி, நடந்து வர்றவங்களுக்குக் கேக்கற மாதிரி பெருசா போட்டுக் குடுங்க. கிருத்திகைக்கு வண்டி வேணும்."

"இந்தப் பக்கம் வந்து சொல்லு பாவா" என்றார். போய்ச் சொன்னேன். குறுக்கே உட்கார்ந்து கேட்டார். முட்டி போட்டுக் கேட்டார். பத்து முறை அந்த அம்மாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கடைசியில் இறங்கி, "எனக்கு ரெண்டும் சமமா கீது" என்றார்.

"எனக்கு இல்லீங்களே."

"அப்ப பிரிச்சுப் பாப்போம்."

கதவின் உள் அட்டையைக் கழற்றினார். நைனா கதவு பிரிப்பதைப் பார்க்கவே நாலு பேர் கூடுவார்கள், ஏனென்றால் கண்ணாடி இடுக்கில் விழுந்ததெல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரு வீட்டு அம்மாள் நாத்தனார் எடுத்துவிட்டாள் என்று ஒரு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒற்றைத் தோடு ஒரு கார் கதவிலிருந்துதான் வந்தது. என் கதவிலிருந்து இரண்டு விபூதிப் பொட்டலம், ஒரு பேனா மூடி, பிறகு மஞ்சளாகக் காய்ந்த இரண்டு பஞ்சு உருண்டைகள் வந்தன. நான் சட்டென்று அந்த உருண்டைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இன்னா பாவா அது, மாத்திரையா?"

"இல்லீங்க. சாமி மார்ல சாத்தின சந்தனம். மலை மேல குடுப்பாங்க. ரெண்டு வருசம் முன்னாடி காது வலி வந்துச்சு. அதுலருந்து கிருத்திகைக்குக் கிருத்திகை, பஞ்சுல சந்தனத்தைத் தொட்டு வலது காதுல வெச்சுக்குவேன். இது எப்பவோ கீழ விழுந்திருக்கு."

"ரெண்டு வருசமா, மாசம் ஒண்ணு."

"ஆங்."

"கதவுல ரெண்டுதான் கீது" என்று சொல்லிவிட்டு என் தலையையே சற்று நேரம் பார்த்தார். இரண்டு கதவு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி மாட்டினார். நாளைக்கு வா என்றார்.

மறுநாள் போனேன். டிரைவர் சீட்டில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். ஸ்பீக்கரை மாற்றியும் வலது கதவுதான் முனகியது.

"அதே மாதிரிதான் இருக்கு நைனா. ஒயரா இருக்குமோ?"

"திரும்பிக் குந்து" என்றார்.

"இன்னாங்க?"

"முட்டி போட்டு, பின்னாடி பாத்துக் குந்து."

அவர் மட்டும் உட்காருகிற உட்காரல் அது. வேறு யாரையும் அப்படி உட்கார வைத்து நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற கூட்டமெல்லாம் பார்க்க, நாற்பத்தெட்டு வயது மனிதன், நெற்றி நிறைய விபூதியோடு, ஸ்டீயரிங்குக்கு முதுகைக் காட்டி, சீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் கையில் டம்ளரோடு வந்து, "இன்னா நைனா, ரிவர்ஸ் எடுக்கக் கத்துத் தர்றியா?" என்றார். நைனா அவரைப் பார்த்த பார்வையில் அவர் டீ ஆற்றப் போய்விட்டார்.

சோறு ஆறிப் போவுது என்றது செட்டு.

"இப்ப எந்தக் கதவு கம்மி?"

கேட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "டிரைவர் பக்கம் சரியாயிடுச்சுங்க. இப்ப கிளீனர் பக்கம்தான் முனகுது. இன்னா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல பாவா. வண்டியையும் திருப்பல, ஒயரையும் திருப்பல. உன்னைத்தான் திருப்பினேன். நீ திரும்புனா கோளாறும் கூடவே திரும்புதுன்னா, கோளாறு யார்கிட்ட கீது?"

நான் முட்டி போட்டபடியே இருந்தேன். பின் கண்ணாடியில் வண்டியின் பின்பக்கம் தெரிந்தது. முருகன் படம் வைக்கிற இடம் காலியாகத் தெரிந்தது.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு முன்பே லேசாகத் தெரியும். தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவுக்கு ஐம்பது வயதில் காது போயிற்று. எனக்கும் அந்த வயது பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. வலது பக்கத்திலிருந்து யாராவது பேசினால் "ஆங்" என்று சொல்லப் பழகியிருந்தேன். அப்படிச் சொன்ன "ஆங்" ஒன்றினால்தான் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. இன்னொன்றினால் என் மச்சினன் எங்கள் வீட்டில் நாலு மாதம் தங்கினான். அதெல்லாம் போகட்டும். போன மாசம் கனகம்மாசத்திரம் தாண்டி ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வலது பக்கம் ஏறியிருக்கிறது. நான் ஒரு சைக்கிளுக்காக வலது பக்கம் ஒடித்தேன். கண்ணாடியில் பார்த்து ஒரு சாண் தூரத்தில் திருப்பினேன். பஸ் டிரைவர் இறங்கி வந்து கேட்டது ஒரே கேள்விதான். "காது கேக்காதாயா?" கூட வந்த கிளீனரிடம், பஸ்காரன் ஹாரனே அடிக்கலை என்று நானே சொன்னேன்.

அடுத்த வாரம் அதே வண்டியைச் சுற்றி முன்னாலும் பக்கத்திலும் ஐம்பது பேர் காவடியோடு நடப்பார்கள். பொம்பளைங்க, கைக்குழந்தைக்காரிங்க. வண்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு முழம்.

"நைனா, கிருத்திகைக்கு மட்டும் ஓட்டிக்கறேன். அப்புறமா காதைப் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் ஸ்பேனரை எடுத்தார். டிரைவர் பக்கக் கதவை, அட்டையை மட்டும் இல்லை, முழுக் கதவையும் கீலோடு கழற்றினார். தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் வைத்து, தன் ஸ்டூலை அதன்மேல் போட்டு உட்கார்ந்தார்.

"கதவு இங்க இருக்கும். காதைக் காட்டிட்டு வா, கதவை வாங்கிக்க."

"கதவு இல்லாம எப்படிங்க ஓட்டறது?"

"அதான் பாவா. ஓட்டாத."

நான் கெஞ்சினேன். சத்தம் போட்டேன். என் கதவை வைத்துக்கொள்ள நீ யார் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் சுவரில் இருந்த கதவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அன்றைக்கு நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் நான் புத்திசாலி. மலைக்குப் போனேன். முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினேன். தீபாராதனை நேரம். மணி அடிக்கிற இடத்தில் வலது காதைக் காட்டி நின்றேன். பக்கத்தில் இருந்த குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. எனக்கு யாரோ அடுத்த தெருவில் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முருகா, காது போனால் போகட்டும், ஓட்டுகிற காலம் வரைக்கும் என்று உன்கிட்டே சொன்ன வார்த்தை போகக் கூடாது, அந்த ஆளிடமிருந்து கதவை மட்டும் வாங்கிக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். சந்தனம் கொடுத்தார்கள். பழக்க தோஷம், பஞ்சில் தொட்டு வலது காதில் வைத்துக்கொண்டேன்.

டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன்.

"ஆங்" என்றேன், ஏதோ கேட்ட மாதிரி இருந்ததால்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வண்டி எங்கன்னு கேட்டா ஆங்கறீங்க?"

"செட்டுக் கடையில இருக்குது."

என் வலது பக்கமாக வந்து நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"ஆங்" என்றேன்.

"இன்னா சொன்னேன், சொல்லுங்க."

நான் காலைக் கழுவப் போகிற மாதிரி நகர்ந்தேன்.

"எங்கம்மா வூட்டுக்குப் போயி ஆறு மாசம் இருந்துட்டு வரட்டான்னு கேட்டேன். அதுக்கும் ஆங்கா?"

அவள் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எங்கண்ணனை நாலு மாசம் வெச்சுக்கறேன்னு சொன்னதும் கேட்டு சொல்லலியா? நான் ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேனே, எங்க வூட்டுக்காரருக்கு எவ்வளவு மனசுன்னு."

எனக்கு அந்த நேரத்தில் சொல்லத் தோன்றியது இதுதான்: "கேட்டிருந்தாலும் ஆங்னுதான் சொல்லியிருப்பேன்." அது முழுப் பொய் இல்லை.

இரண்டு நாள் இழுத்தடித்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு வந்து, "எழுந்திருங்க" என்றாள். அரக்கோணத்தில் ஒரு காது டாக்டர், சின்ன வயசு அம்மா. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது கந்தர் அனுபூதியை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு முறை சொன்னேன், நாலு முறையும் நடுவில் மறந்துபோனது.

டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார்.

"ஐயா, உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"சந்தனம்மா. மூணு நாளைக்கு முன்னாடி வெச்சது."

"மூணு நாளா? உள்ள ஒரு குடும்பமே இருக்கு."

சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு சின்ன இடுக்கியால் எடுக்க ஆரம்பித்தார். ஒரு பஞ்சு. இன்னொரு பஞ்சு. மூன்று, நான்கு. அதற்கு அப்புறம் எது பஞ்சு, எது அழுக்கு, எது விபூதி என்று பிரிக்க முடியாதபடி புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அறை முழுக்கக் கோயில் வாசனை. நர்ஸ் அம்மா எட்டிப் பார்த்து, "யாரு ஊதுவத்தி கொளுத்தனது?" என்றார். ஒவ்வொரு கிருத்திகைக்கும் பழைய பஞ்சை எடுக்காமல் புதுசை வைத்திருக்கிறேன். பிரசாதமாச்சே, எடுத்து எங்கே போடுவது என்று யோசித்து விட்டுவிடுவேன். தானாக விழுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டுதான் விழுந்திருக்கிறது, அதுவும் கதவுக்குள்.

கட்டி வெளியே வந்தபோது முதலில் எனக்குக் கேட்டது மின்விசிறி. இத்தனை கோபமாகச் சுற்றும் என்று எனக்குத் தெரியாது. அடுத்தது என் வீட்டுக்காரியின் கண்ணாடி வளையல். அவள் என் வலது பக்கம்தான் நின்றிருந்தாள். டாக்டர் ஏதோ இயந்திரம் வைத்துச் சோதித்துவிட்டு, "நரம்பு நல்லா இருக்கு, வண்டி ஓட்டலாம். இனிமே சந்தனத்தை நெத்தியில வைங்க" என்றார்.

"அம்மா, அதைக் குப்பையில போட்டுடாதீங்க. சாமி மார்ல இருந்தது" என்றேன். அந்த டாக்டர் நல்ல பெண். முகம் சுளிக்காமல் பஞ்சுத்துணியில் மடித்துக் கொடுத்தார். திரும்பும் வழியில் நந்தி ஆற்றில் விடலாம் என்று இறங்கினேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் குழி பறித்து மூடிவிட்டு, ஒரு கும்பிடு போட்டு வந்தேன்.

கடைக்குப் போனபோது பரணிக்கு முதல் நாள், அதாவது கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம். நைனா என்னைப் பார்த்ததும் கதவின்மேலிருந்து எழுந்தார். கதவை மாட்டி, என்னை நேராக உட்கார வைத்து, செட்டைப் போட்டார்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. இரண்டு கதவும் சமமாகத்தான் பாடின. சமமான மோசம். தகர டப்பாவில் குருவியை அடைத்த மாதிரி. "நைனா, இத்தினி நாளா இதையா கேட்டுகினு இருந்தேன்?"

"ஆங். இப்பதான் பாவா நீ செட்டு மாத்த வந்துகீற" என்றார்.

ஒன்றரை நாள்தான் இருந்தது. அவர் சாப்பிடப் போகவில்லை. கதவுத் தகரம் அதிராதபடி உள்ளே தடித்த ஷீட்டை ஒட்டினார். கம்பெனியின் காகித ஸ்பீக்கரை எடுத்துவிட்டு வேறு மாட்டினார். சீட்டுக்கு அடியில் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பு வைத்து ஒயரை இழுத்தார். நடப்பவர்களுக்காகப் பின்பக்கம் இரண்டு பெட்டி. என்னை ஸ்குரூ எடுத்துக் கொடுக்கச் சொல்வார், எடுத்துக் கொடுத்தால் அது இல்லை என்பார். பரணியன்று சாயங்காலம் ரோட்டில் மஞ்சள் துணிக் கூட்டம் போக ஆரம்பித்த பிறகும் வண்டி பிரித்தபடியே கிடந்தது. நான் போகிற ஒவ்வொரு காவடிக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். ஊரிலிருந்து மூன்று போன் வந்துவிட்டது. பொழுது இறங்கும் நேரத்தில் கடைசி ஸ்குரூவை முடுக்கிவிட்டு, செல்போனை எடுத்து அந்தக் குரலைப் போட்டார்.

நானே வீட்டுக்குச் சாப்பிட ஓடியிருப்பேன். நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கலங்கிடுச்சு பாவா. எடுத்துகினு போ" என்றார்.

சாவியை வாங்கும்போதுதான் கேட்டேன். "எப்படி நைனா கண்டுபிடிச்சீங்க, திரும்பி உட்காரச் சொல்லி?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். "சின்ன வயசுல மைக் செட்டு வேலை. திருவிழாவுல கோன் ஸ்பீக்கருக்குக் கீழதான் தூக்கம். ஒரு நாளு, வண்டி ஒண்ணுல எடது கதவு பாடலைன்னு நாலு ஸ்பீக்கர் மாத்தினேன். அப்புறம் திரும்பிக் குந்திப் பாத்தேன்."

"டாக்டர்கிட்ட?"

"காட்டினேன். எனக்கு உள்ள எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பாவா. உனக்கும் அப்பிடி ஆயிடப் போவுதேன்னுதான் கதவைப் புடிச்சு வெச்சேன்" என்றார். அவர் அதைச் சொல்லும்போது நான் தெரியாமல் அவருடைய இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மெதுவாகச் சுற்றி இந்தப் பக்கம் வந்து நின்றேன்.

கிருத்திகையன்று எங்கள் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு திருத்தணிக்குள் நுழைந்தபோது, நைனா கடை வாசலில் நின்றிருந்தார். அன்றைக்கு அவர் கதவு பாடவில்லை, கடை பூட்டு. என் வண்டியைப் பார்த்ததும் ரோட்டில் இறங்கி, டிரைவர் பக்க ஜன்னலை ஒட்டி நடந்தார். நாலு அடி போனதும் நின்றார். அப்படி நடந்தால் அவருடைய இடது காது அல்லவா வண்டிப் பக்கம் இருக்கிறது. என்ன செய்தார் தெரியுமா? திரும்பிக்கொண்டார். மலைக்கு முதுகைக் காட்டி, வலது காதை என் கதவுக்குக் கொடுத்து, அந்தக் கூட்டத்தில் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். கண்ணை வேறு மூடிக்கொண்டார்.

ஜன்னல் ஓரமாகக் காவடியோடு வந்த ஒரு பெண் யாரிடமோ கேட்டாள். "அந்தப் பெரியவருக்கு இன்னா வேண்டுதலு, இப்பிடி நடக்கறாரு?"

மெதுவாகத்தான் கேட்டாள். வலது பக்கம்தான் வந்துகொண்டிருந்தாள். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், அவர் தடுக்கி விழாத வேகத்திலேயே மலையடிவாரம் வரைக்கும் ஓட்டினேன்.